மேலிருந்து கீழாக

முப்பத்தொன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.
ஏரித் தோட்டத்துக் குரங்குகள் எழும்புமுன்
லாரியிலிருந்து குழாயை இறக்கிவிட்டோம்
நானும் ஷஹிதுலும்.
கொடி பிடித்தவனிடமிருந்து தொடங்கு என்றார்
மேற்பார்வை ஹஸ்புல்லா.
அதைச் சொல்லித் தரவே வேண்டாம்.
அழுக்குக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

வெண்கலத்தில் ஏழு பேர்.
ஒருவன் கையில் கொடி. இருவர் காவல்.
அடிபட்டவன் ஒருவன், அவனைத் தாங்கியபடி ஒருவன்.
மீதி இருவர்
காலடியில்.

தூக்கியின் கூடையில் நின்று
தலைக்கவசத்தின் விளிம்பைத் துடைக்கப் போனால்
மைனா கூடு.
சருகு, பிளாஸ்டிக் உறை,
போன வருட மலர்வளையத்திலிருந்து
உருவிய நாடாத் துண்டு,
அதில் பொன்னெழுத்தில் பாதிப் பெயர்.
எடுத்தாச்சா என்று கீழிருந்து கத்தினார்.
எடுத்தாச்சு என்றேன்.
எடுக்கவில்லை.

பத்து மணிக்குள் கொடி பளபளத்தது.
கொடியின் கறுப்புத் தண்ணீர்
காவல்காரன் தோளில் இறங்கி,
அவன் முழங்காலில் கொஞ்சம் தயங்கி,
பூட்ஸிலிருந்து சொட்டியது
கிடப்பவன் வாயில்.

'இவங்க யாரு?'
'எதிரி.'
ஷஹிதுல் சவர்க்கார வாளியைக் கீழே வைத்தான்.
'அப்புறம் ஏன் அவங்களையும்
இதே அளவுக்கு வார்த்திருக்கான்?'
கொமில்லாவில் ஒரு மகள் இருக்கிறாள் அவனுக்கு,
கணக்கில் கெட்டிக்காரியாம்.
எனக்குப் பதில் வரவில்லை.
பசியாறிட்டு வருவோம் வா என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு படம் இருந்தது.
ஒரே துணியில் வெட்டிய இரண்டு சட்டை.
ஒன்றுக்குள் என் தாத்தாவின் மூத்த அண்ணன், அங்கமுத்து.
ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகி
இரண்டாம் டிவிஷன் கம்பிவேலி ஓரம்
விடிகாலை பிரட்டுக்கு முன்பே விழுந்தவர்.
இன்னொன்றுக்குள் அடுத்தவர், சடையன்.
அதற்கும் எட்டு மாதம் முன்பு
அரிசி மூட்டையோடு காட்டுக்குப் போனவர்.

அவரையும் ஒரு நாள் கொண்டுவந்தார்கள்.
போலீஸ் நிலைய வாசலில் லாரியிலிருந்து இறக்கி
தார்ப்பாயை விலக்கி
பெற்றவளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.
நின்று பார்த்தாளாம்.
ஈயை விரட்டக்கூடக் கை நீளவில்லையாம்.
'இது எம்புள்ள இல்ல.'
வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள்,
கடைசி என் தாத்தா.
பேர் பதியாமல் புதைத்தார்கள்.
அன்றைக்குச் சாயங்காலம்
அவள் இரண்டு இலை போட்டாள்.
யாரும் கேட்கவில்லை.

பசியாறி வந்தபோது
ஹஸ்புல்லா கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
'கீழே விட்டுடு, லோகா.
வளையம் வெச்சா மறைஞ்சிடும்.
கேமரா அங்கெல்லாம் வராது.'
கெட்டவர் இல்லை.
மாலைக்குள் குளத்தையும் காட்டவேண்டும் அவருக்கு,
அடியில் காசு வேறு கிடந்தது.

இன்னும் ஒரு அரை மணி, போஸ் என்றேன்.
மேலே கழுவிய அழுக்கெல்லாம்
இவன் மேல்தான் கிடக்கிறது.
இப்படியே விட்டுப் போனால்
நான் கழுவவில்லை,
இடம் மாற்றியிருக்கிறேன்.

பம்பின் அழுத்தத்தைக் குறைத்தேன்.
கண்குழியில் சருகு.
காதுமடலில் பச்சைப் பாசி, அதைப் பல்துலக்கியால்.
வாயைத் துணியால் ஒற்றினேன்.
ஷஹிதுல் தலைமாட்டில் நின்று
தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து ஊற்றினான்.
அவன் ஊரில் எப்படியோ.
எங்கள் பக்கம் இதற்கு ஒரு சொல் உண்டு.
இருவரும் சொல்லவில்லை.

கடைசியில் சட்டை மட்டும் சரிப்படவில்லை.
வெண்கல மடிப்பில் தண்ணீர் தேங்கி நின்றது,
ஒரு கிண்ணம் இருக்கும்.
சாய்க்க முடியாது. வடிய வழி வைக்கவில்லை வார்த்தவன்.
துணியை நனைத்துப் பிழிந்தேன், நனைத்துப் பிழிந்தேன்.
உள்ளே வானம் ஒரு துண்டு கிடந்தது,
கொடியின் முனை கிடந்தது,
குனிந்த என் முகமும்.

எந்தச் சட்டை இது என்று
ஒரு கணம் மறந்துபோனது.

ஹஸ்புல்லா ஹாரன் அடித்தார்.
குழாயைச் சுருட்டினோம்.